டிராக்டரில் வந்த விறகு

ஊட்டு வாசல்ல வந்து எறங்கின விறகைப் பாத்த நாள்ல இருந்து பொன்னுவேலுக்குச் சோறு எறங்கல. கரடியூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட். அங்க தொழிலாளர் சங்கத்துக்கு அவருதான் செயலாளர். அவருக்கு முந்தி இருந்த ஆளு, மச்சானுக்கு மிளகுக் குத்தகை வாங்கிக் குடுத்துட்டு, சம்பளப் பேச்சுல மேனேஜர் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டினாரு. அதனால பொன்னுவேலே ஒரு விதி கொண்டாந்தாரு: எஸ்டேட்ல இருந்து தனக்கோ, பொண்டாட்டி புள்ளைக்கோ என்ன வந்தாலும், ஆண்டுக் கூட்டத்துல எந்திரிச்சு சொல்லணும். மறைச்சா பதவி போச்சு. இப்ப அது அவரு கழுத்துக்கே வந்து நின்னுச்சு பாருங்க.

வைகாசியில காப்பிச் செடிக்கு நிழல் குடுக்கற மரத்துல கிளை கழிப்பாங்க. விழுந்த கிளையில ஆளுக்கொரு தலைச்சுமை எடுத்துக்கலாம், பழைய வழக்கம். அவரு சேலம் போயிருந்த அன்னிக்கு எஸ்டேட் டிராக்டரே வந்து வாசல்ல கொட்டிட்டுப் போயிருச்சு. வருசா வருசம் வர்றதுதானேன்னு பொண்டாட்டி ஆராயி அடுக்கி வெச்சுட்டா. மழைக்கு முந்தி ஊடு தேடி வந்த விறகை எந்தப் பொம்பளை வேண்டாம்பா? அவரு திரும்பறதுக்குள்ள மக சீருக்குச் சோறாக்கிப் பாதி எரிஞ்சும் போச்சு.

அடுத்த மாசம் சம்பளப் பேச்சு. அதுக்காக ரெண்டு வருசமா அலைஞ்ச மனுசன். சொன்னா அங்க உக்கார விடுவாங்களா? சொல்லாம விட்டா? மடியில கனமிருந்தா வழியில பயம். ரோட்டுல டிராக்டர் சத்தம் கேட்டாலே எந்திரிச்சு ஊட்டுக்குள்ள போயிருவாரு.

கூட்டத்துல தலைவர் செல்லப்பன் தனக்கு ஒண்ணும் வரலைன்னு சொல்லி உக்காந்தாரு. பொன்னுவேல் எந்திரிச்சாரு.

"வழக்கம் தலைச்சுமைதானுங்க. எனக்கு டிராக்டர்ல வந்துச்சு. பாதிய எரிச்சுப்புட்டோம்."

காப்பிப் பழம் பறிக்கிற முத்தாயி எந்திரிச்சா.

"டிராக்டர் எங்க ஊட்டு முன்னாலதானுங்கண்ணா போச்சு. நீங்க வாயத் தொறப்பீங்களான்னுதான் காத்துக்கிட்டு இருந்தோம்."

அடக் கடவுளே! முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கவா இத்தன நாளு யோசிச்சோம்னு அவருக்கு ஒடம்பே கூசிப்போச்சு. செயலாளர் பதவி அவருகிட்டயே இருக்கட்டும், இந்தத் தடவை சம்பளப் பேச்சுக்கு வேற ஆளு போகட்டும்னு எல்லாரும் கை தூக்கினாங்க. மனசு நொம்ப வலிச்சுது. ஆனாலும் அவரும் கை தூக்கினாரு.

மறுநாள் மிச்ச விறகைப் புருசனும் பொண்டாட்டியும் தலையில தூக்கி எஸ்டேட்டுக்கே கொண்டுபோனாங்க. ஊரே வாசல்ல நின்னு பாத்துச்சு. முத்தாயி எறங்கி வந்தா. ஆராயி தலையில இருந்த சுமைய வாங்கித் தன் தலையில வெச்சுக்கிட்டு முன்னால நடந்தா. அப்பத்தான் பொன்னுவேலுக்கு அழுகை வந்துச்சு.