கம்போடியாவைப் பற்றி ஜெகதீசன் சொன்னது

ஊரப்பாக்கத்தில் ஸ்கூல் வேன் ஓட்டும் ஜெகதீசன் அன்று காலை நடுரோட்டில் பிரேக் போட்டுவிட்டான். பின்சீட்டில் ஆறாவது படிக்கும் கீர்த்தனா, உலக நாடுகள் தினத்துக்கு எழுதிய சார்ட்டை வாசித்துக்கொண்டிருந்தாள்.

"கம்போடியா. தலைநகர் நாம்பென். அங்கோர்வாட் கோயில் இருக்கிறது. மக்கள் மோசடிக்காரர்கள்."

"யாரு சொன்னது?"

"உங்கள அங்க அடைச்சு வெச்சு அடிச்சாங்கல்ல அங்கிள்?"

அடித்தது உண்மைதான். டேட்டா என்ட்ரி வேலை என்று கூட்டிப்போய், பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, போனில் ஆட்களை ஏமாற்றச் சொல்லி எட்டு மாதம் வதைத்தார்கள். ஆனால் விமானம் ஏற்றிவிட்ட ஏஜென்ட் பக்கத்திலிருக்கும் கேளம்பாக்கத்துக்காரன்.

பள்ளியில் இறங்கியதும் நேரே கீர்த்தனாவின் வகுப்பு ரோகிணி டீச்சரிடம் போனான். "இன்னா மேடம் இது? ஒரு நாட்டையே திருடன்னு எழுதி சுவத்துல மாட்டுவீங்களா?"

டீச்சருக்கு முகம் சுருங்கிப் போனது. "கவனிக்கல. பிள்ளைங்ககிட்ட நீங்களே சொல்லுங்க."

வகுப்புச் சுவரில் மாட்டியிருந்த மேப்பில் தாய்லாந்துக்கும் வியட்நாமுக்கும் நடுவே விரலை அழுத்தினான். குரல் இன்னும் தணியவில்லை. "இங்க ஒரு ஏரி கீது, தொன்லே சாப்னு. நம்ம கொளவாய் ஏரிய அதுல ஒரு மூலையில போட்டா தேடணும். மழை வந்து மேகாங் ஆறு பெருகுனா, ஏரியில இருந்து ஓடுற ஆறு திரும்பி ஏரிக்கே ஓடும். அந்தக் கரையில பொறந்தவங்க சொபீப்னு ஒரு அம்மா. எங்கள அடைச்ச எடத்துல சமையல்காரம்மா. அவங்களுக்கு அஞ்சு வயசுல ஒரு கொடுமைக்கார ஆட்சி வந்துச்சு. நாலு வருசங்கூட ஆகல, அதுக்குள்ள ஜனத்துல நாலுல ஒருத்தர் செத்துப் போய்ட்டாங்க. அவங்க அப்பாவும் ரெண்டு அண்ணனும் பட்டினியிலயே செத்தாங்க. அந்தம்மா பட்டப்பகல்ல காய்கறி வண்டியில கீரைக்கட்டுக்கு அடியில என்னைப் படுக்க வெச்சு வெளிய அனுப்புனாங்க. மாட்டியிருந்தா அவங்க உசுரு போயிருக்கும். அவங்களையா மோசடின்னு எழுதின?"

கீர்த்தனா அழுதுவிட்டாள். ஜெகதீசன் சமாதானம் சொல்லவில்லை.

மாலையில் தாளாளர் கூப்பிட்டார். "டிரைவர் வேனோட நிக்கணும். பசங்களுக்கு சாவுக்கதை எதுக்கு?"

"திருடன்னு எழுதலாம், செத்தாங்கன்னு சொல்லக்கூடாதா சார்?"

"நான்தான் பேசச் சொன்னேன்" என்று ரோகிணி டீச்சர் குறுக்கே வந்ததால் வேலை தப்பியது. கீர்த்தனா அந்த வரியை அடித்துவிட்டு, திரும்பி ஓடும் ஆற்றை வரைந்தாள்.

ஜெகதீசனின் ஆத்திரம் அடங்கவில்லை. அந்த ஏஜென்ட் வேறு பெயரில் புது போர்டு மாட்டியிருந்தான். சனிக்கிழமை, தன்னோடு அடைபட்டிருந்த இன்னும் இருவரைக் கூட்டிக்கொண்டு, மூன்றாவது முறையாகப் புகார் கொடுக்கப் போனான். புகாரைப் பதிந்ததற்கான ரசீது கைக்கு வரும்வரை மூவரும் ஸ்டேஷன் வாசலைவிட்டு நகரவில்லை.