மூடி திறக்காத டப்பாக்கள்

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவுக்கு ஒரு வாரச் சாப்பாட்டையும் சமைத்து வைத்துவிட்டுத்தான் நான் பதுளைக்குப் பஸ் ஏறுவேன். பதுளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன், போர்டிங்கில் தங்கியிருக்கிறேன். அம்மா மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கிறாள். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், ஒரு காம்பராவில் தனியாக இருக்கிறாள்.

குரக்கன் ரொட்டி, சிவப்பரிசிச் சோறு, அவித்த கடலை, போஞ்சிக் கறி. எல்லாம் ஆறிய பிறகு, கழுவிக் காயவைத்த ஐஸ்கிரீம் டப்பாக்களில் அடைத்துப் பழைய பிரிஜ்ஜுக்குள் அடுக்குவேன். எந்த நாளுக்கு எது என்று மூடியில் எழுதவும் செய்வேன். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. மேலிருந்து எடுத்துக்கொண்டே வந்தால் சரியாக இருக்கும்.

அவளுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. ஒருமுறை விடியற்காலை மாத்திரையைப் போட்டுவிட்டு, வெறும் தேயிலைச் சாயத்தண்ணியோடு வேலைக்கு ஓடி, மலையில் மயங்கி விழுந்துவிட்டாள். "மாத்திரை போட்டா கட்டாயம் சாப்பிடணும். இல்லாட்டி சீனி எறங்கி ஆளே போயிரும்" என்று கிளினிக்கில் நர்ஸ் சொன்னார். அன்று என் வயிற்றில் புகுந்த பயம் பிறகு வெளியே போகவில்லை. அந்தப் பயத்தைத்தான் ஞாயிறுதோறும் டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்தேன்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள், இடைவேளையில் போன் எடுத்தேன்.

"சாப்பிட்டியாம்மா?"

"எங்க தம்பி சாப்பிடுறது? பக்கத்துக் காம்பராத் தாத்தா விடியக்கால போயிட்டாரு."

"மாத்திரை?"

"அத எந்திரிச்சதும் போட்டுட்டேன். அப்பறந்தானே அழுகச் சத்தம் கேட்டுச்சு."

"முதல்ல ஒரு டப்பாவ எடுத்துத் தின்னும்மா."

"என்னப்பா பேசுற? செவுத்துக்கு அந்தப் பக்கம் பொணம் கெடக்கு. மூத்த மகன் கொழும்புல இருந்து வரணும். தூக்குற வரைக்கும் பச்சத்தண்ணிகூட எறங்காது எனக்கு."

"சாப்பாடு பிரிஜ்ஜுக்குள்ளதானே இருக்கு? மூடித்தானே வச்சிருக்கு?"

"சாவுக்கு மூடி தெரியுமா, தம்பி? எல்லாத்தையும் கொட்டத்தான் வேணும்."

அவள் சொன்னதில் எனக்குப் புரியாதது எதுவும் இல்லை. லயத்தில் எல்லாக் காம்பராக்களுக்கும் ஒரே கூரை. எங்கள் சுவர் கூரைவரை எட்டுவதுகூட இல்லை. அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் தூக்கம் கலையும். அங்கே சாவு என்றால் எங்கள் வீட்டிலும் சாவுதான். பிணம் எடுக்கும்வரை அடுப்பு எரியாது. முன்பே சமைத்ததைத் தொடவும் மாட்டார்கள். ஒரு வாரத்துக்கு யோசித்து யோசித்துச் சமைத்த எனக்கு இது மட்டும் தோன்றவே இல்லை.

மறுபடி எடுத்தபோது போன் வேலை செய்யவில்லை. பள்ளி அதிபரிடம் சொல்லிவிட்டு ஓடிப்போய்ப் பஸ் பிடித்தேன். பசறை தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு வளைவிலும் பஸ் நின்று நின்று திரும்ப, பிரிஜ்ஜுக்குள் இருக்கும் அந்த டப்பாக்களே கண்ணுக்குள் வந்தன. ஒன்றுகூடத் திறக்கப்படாமல், மூடியில் என் கையெழுத்தோடு.

தோட்டத்துப் பாதையில் இறங்கியதுமே தப்பு மேளத்தின் சத்தம் கேட்டது. நின்றுவிட்டேன். ஒரு சாவுக்கும் இரண்டு சாவுக்கும் தப்பு ஒரே மாதிரித்தான் அடிக்கும். எதிரே வந்த ஒருவரிடம் கேட்டிருக்கலாம். கேட்கப் பயந்து, சேற்றில் விழுந்தடித்து ஓடினேன்.

அம்மா சாவு வீட்டு வாசலில், பெண்களுக்கு நடுவே சுவரில் சாய்ந்திருந்தாள். அந்தக் குளிரிலும் நெற்றி முழுக்க வியர்வை. கூப்பிட்டேன். என்னைப் பார்த்தாள், யாரென்று தெரியாத பார்வை.

"அழுது களைச்சுப்போயிட்டா, தம்பி" என்றார் எதிர்க் காம்பரா அக்கா.

"களைப்பில்லக்கா, சீனி எறங்கிருச்சு! சீனி குடுங்க!"

எங்கள் வீட்டில் சீனி கிடையாது. நான்தான் ஒழித்துக்கட்டியிருந்தேன், சீனிப் போத்தலில் வறுத்த கடலை இருந்தது. மேல் லயத்தில் காய்ச்சிக் கொண்டுவந்த சாயத்தண்ணி வாளி தின்னாமல் இருந்தவர்களுக்காக வாசலில் இருந்தது. சாவு வீட்டில் அது மட்டும் செல்லும். அக்கா ஒரு கோப்பையில் ஊற்றி, வாளியருகே இருந்த சீனியை அள்ளிப் போட்டுக் கலக்கினார்.

"சீனியக் கண்டா பாம்பக் கண்ட மாதிரி குதிப்பியே! இன்னைக்கு நீயே கேக்குறியா?" என்றார். சொல்லிக்கொண்டே கோப்பையை என் கையில் திணித்தார்.

வாயருகே பிடித்தேன். முதல் மிடறு கன்னத்தில் வழிந்தது. இரண்டாவது உள்ளே போனது. கோப்பை காலியான பிறகும் நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரமோ தெரியாது. அவள் கண் மெல்லச் சுழன்று என் மேல் வந்து நின்றது.

"சப்பாத்தெல்லாம் சேறு" என்றாள். "இன்னைக்குப் பள்ளிக்கூடம் இல்லையா?"

பிணம் எடுத்து, குளித்து வந்த பிறகு எல்லா டப்பாக்களையும் லயத்துக்குப் பின்னால் கொட்டினாள். நான் தடுக்கவில்லை. கழுவிக் கொடுத்தேன்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை சமைக்கிறேன். சீனிப் போத்தலில் சீனி இருக்கிறது. அம்மாவின் இடுப்பு முடிச்சிலும் கொஞ்சம். போனில் மட்டும் நான் முதலில் "சாப்பிட்டியா" என்று கேட்பதில்லை. "லயத்துல எல்லாரும் சுகமா?" என்றுதான் கேட்கிறேன்.

"டவுனுக்குப் போயும் எம்மகன் எல்லாரையும் விசாரிக்கிறான்" என்று அம்மா பெருமையாகச் சொல்கிறாளாம். அவள் பதில் சொல்லும்வரை நான் மூச்சு விடுவதில்லை.