நடவு வயலில் இறங்கிய விமானம்

முப்பது வருடம் பொக்லைன் ஓட்டியிருக்கிறேன். என் வண்டிக் கண்ணாடியில் செருப்பு வந்து விழுந்தது ஒரே ஒரு தடவைதான். எறிந்தவர் செல்வி என்ற விவசாயி.

நாகூருக்குப் பக்கத்தில் ஒரு வடிகாலில் தூர் வாரிக்கொண்டிருந்தேன். கரையை ஒட்டி செல்வியின் வயல். சம்பா நட்டுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. பெருமழை வருவதற்குள் வடிகாலைத் திறந்துவிடாவிட்டால் அத்தனை பயிரும் மூழ்கிவிடும். இன்ஜின் இரைச்சலில் அவர் கத்தியது எனக்குக் கேட்கவில்லை. அதனால்தான் செருப்பு.

"நிறுத்துங்கண்ணே! பக்கெட்டுல என்னமோ மாட்டியிருக்கு!"

இறங்கிப் பார்த்தேன். முறுக்கிய அலுமினியத் தகடு. அதற்குக் கீழே, சேற்றுக்குள், வட்டமாகச் சிலிண்டர்கள் வைத்த பெரிய இன்ஜின். அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை.

வேலையை மேற்பார்த்த ஜூனியர் இன்ஜினியர், எங்கள் ஜே.இ., அலறினார். "யாரும் கிட்ட போகாதீங்க! குண்டு கிண்டு இருக்கப் போகுது!"

வேலை நின்றது. வெடிகுண்டு நிபுணர்கள் இரண்டு நாள் சோதித்து, ஆபத்தில்லை என்றார்கள். மூன்றாம் நாள், பழைய ரிப்போர்ட் ஒன்றுடன் ராணுவ அதிகாரி ஒருவர் வந்தார். அவர் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது.

உலகப் போர் சமயம். கடலில் ரோந்து போய்விட்டுத் திரும்பிய விமானம் அது. அடிப்பாகம் படகு மாதிரி இருக்கும், தண்ணீரில்தான் இறங்கும். அன்று ராத்திரி ஒரு இன்ஜின் நின்றுவிட்டது. நிலா வெளிச்சத்தில் கீழே தண்ணீர் பளபளப்பதைப் பார்த்த பைலட், கடலோர உப்பங்கழி என்று நினைத்து இறக்கிவிட்டார். அது கணுக்கால் தண்ணீர் நின்ற நடவு வயல். வரப்பில் மோதி இறக்கை முறிந்து, இன்ஜினோடு இந்த வடிகால் சேற்றில் புதைந்துவிட்டது.

"எத்தன பேரு சார் செத்தாங்க?" என்று மெதுவாகக் கேட்டார் செல்வி.

"ஒருத்தரும் இல்லம்மா. எட்டுப் பேரும் பொழச்சுக்கிட்டாங்க. அடிபட்டவங்கள ஊர்க்காரங்க கட்டில்ல வச்சுத் தூக்கிட்டுப் போயிருக்காங்க."

"பயிர் என்னாச்சு?"

அதிகாரி ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்தார். "அத எழுதலம்மா" என்றார். ஜே.இ. கூடச் சிரித்துவிட்டார்.

இன்ஜினை உடையாமல் தூக்க வெளியூரிலிருந்து கிரேன் வர ஐந்து நாள் ஆகும் என்றார்கள். கிழக்கே வானம் கறுத்துக்கொண்டிருந்தது. செல்வி என்னைப் பார்த்தார்.

"நானே தூக்கிடறேன் சார்" என்றேன்.

பெல்ட் கட்டித் தூக்கினேன். சேறு விடவில்லை. என் வண்டிதான் பின்பக்கம் எழும்பியது. இறக்கி வைத்துவிட்டுச் செல்வியிடம் போனேன்.

"எந்தப் பக்கம்மா தரை கெட்டி?"

"இது களிமண்ணுண்ணே, உள்ள வாங்கும். அந்தக் கருவேல மரத்துப் பக்கம் வண்டியப் போடுங்க."

போட்டேன். மெதுவாக இழுத்தேன். 'பொளக்' என்ற சத்தத்தோடு இன்ஜின் வெளியே வந்தது. அன்று சாயங்காலமே மிச்ச மண்ணையும் வாரி முடித்தேன். மறுநாள் பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை. செல்வியின் பயிர் தலைநிமிர்ந்து நின்றது.

புதிதாக வண்டி ஏறுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மேலே உட்கார்ந்து பார்த்தால் எல்லாத் தரையும் ஒன்றுபோலத்தான் தெரியும். பாவம், அந்தப் பைலட்டுக்கு இறங்கி விசாரிக்க வழியில்லை. நமக்கு இருக்கிறது.