யான்மெய்யின் உள்ளங்கை

ஷென்ஜென் நகரத்தின் ஓரத்தில், ஒரு பட்டறைக் கட்டடத்தின் நான்காம் மாடியில் டார்ச் விளக்கு செய்கிறார்கள். அவற்றை வடிவமைப்பவன் லுவோ செங்யீ. நாற்பதைத் தொடப்போகிறவன், கல்யாணமாகாதவன், மதியத்துக்கு அரிசி நூடுல்ஸைத் தவிர வேறெதுவும் வாங்கத் தெரியாதவன். அவனுக்கு ஒரே ஒரு பிடிவாதம்தான். வெளிச்சம் பொய் சொல்லக் கூடாது.

மட்டமான எல்.இ.டி. கண்ணைக் கூசவைக்கும், ஆனால் அதில் சிவப்பு செத்துப்போகும். தக்காளி பழுப்பாகும், மனிதத் தோல் சாம்பல் பூத்துவிடும். மற்றவர்கள் புது மாதிரியை வெள்ளைச் சுவரில் அடித்துப் பார்ப்பார்கள். செங்யீ உள்ளங்கையில் அடித்துப் பார்ப்பான். தன் கை ஈயம் பற்றவைக்கிற புகையில் கறுத்துவிட்டது என்று சாக்குச் சொல்லி, லென்ஸ் பொருத்தும் மேசையிலிருந்த வெய் யான்மெய்யின் கையைத்தான் கேட்பான்.

"லுவோ சார், இதுல என் கை பொணத்தோட கையாட்டம் இருக்கு. வாங்குறவன் பயந்துடுவான்," என்று சிரிப்பாள் அவள்.

பக்கத்து மேசை தாவ் அக்கா சும்மா இருக்க மாட்டாள். "ஏன்டா, இந்த மாடியில வேற கையே இல்லையா? எங்கிட்ட இருக்கறதும் கைதான்."

செங்யீயின் காது சிவந்துவிடும். அதைப் பார்க்க எந்த விளக்கும் தேவைப்படவில்லை. ஆனாலும் வருஷக்கணக்காக வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டிருந்தான் மனுஷன். அவள்மேல் உயிரையே வைத்திருந்தான், ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சீனப் புத்தாண்டான வசந்த விழாவுக்குக் குவாங்சி மலை ஊருக்குப் போன யான்மெய் திரும்பி வரவில்லை. விழா முடிந்து பட்டறை திறக்கிற அன்று, வந்து சேர்ந்தவர்களுக்கெல்லாம் முதலாளி ஹௌ பணம் வைத்த சிவப்பு உறை கொடுப்பார். "அவளோடத நான் குடுத்துடறேன்," என்று கேட்டு வாங்கித் தன் இழுப்பறையில் வைத்துக்கொண்டான் செங்யீ. அப்புறம் அவளிடமிருந்து கைப்பேசியில் குரல்செய்தி வந்தது.

"அம்மாவுக்குச் சக்கர வியாதி, கால்ல புண்ணு. இங்க வீட்டுக்குள்ள வெளிச்சமே பத்தாது. நம்ம டார்ச்ச அடிச்சுப் பாத்தா செவந்திருக்கா கறுத்திருக்கான்னே தெரியல. செவப்பு செவப்பாத் தெரியற மாதிரி சின்னதா ஒண்ணு செய்ங்களேன், லுவோ சார்."

வேறென்ன வேண்டும் அவனுக்கு? கட்டைவிரல் அளவில் உடல், ஒரே ஒரு பேட்டரி, இருப்பதிலேயே உயர்ந்த எல்.இ.டி. கிட்டத்தில் பிடித்தாலும் கூசாமல் பரவட்டும் என்று லென்ஸைச் சொரசொரப்பாக்கினான். தூங்குகிற தாய் விழித்துவிடக் கூடாதென்று, முதல் அழுத்தத்தில் மங்கலாகவே எரிய வைத்தான்.

முதலாளி முகத்தைச் சுளித்தார். "வெளிச்சம் பாதிதான்யா இருக்கு! பெட்டி மேல போடற நம்பரப் பாத்துத்தான் ஜனங்க வாங்கறாங்க. உள்ளங்கையவா அச்சடிக்கச் சொல்றே?"

எதிர்த்துப் பேசியே அறியாதவன், அன்று முதலாளியின் தட்டிலிருந்த சிவக்க வதக்கிய பன்றிக்கறிமீது பழைய விளக்கை அடித்தான். கறி செருப்புத் தோலாகத் தெரிந்தது. புதியதை அடித்தான். பளபளவென்று மின்னி எச்சில் ஊறவைத்தது. முதலாளி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "சரி, கொஞ்சமாச் செஞ்சு பாரு," என்றார்.

முதல் விளக்கையும் அந்தச் சிவப்பு உறையையும் ஒரே பொட்டலத்தில் கட்டினான்.

"வந்துருவாளாக்கா?" என்று தாவ் அக்காவிடம் கேட்டான்.

"நேர்ல போய்க் கூப்பிடுடா. உறையா பேசும்?"

கோடையில் வரும் டிராகன் படகு விழா விடுமுறைக்குப் போவதென்று முடிவு செய்தான். அவள் முன்னால் நின்று என்ன சொல்வதென்று குளிக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்தான். ரயில் டிக்கெட்டும் எடுத்துவிட்டான்.

அதற்குள் பதில் வந்தது.

"லுவோ சார்! அம்மா பெருவிரல் பக்கத்துல புதுசா ஒரு செவப்பு தெரிஞ்சுது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். சீக்கிரம் பாத்ததால கால் தப்பிச்சுதுன்னாரு டாக்டர். உறை கெடச்சுது, முதலாளிக்கு நன்றி சொல்லிடுங்க. என் கையப் பாருங்க, உசுரோட இருக்கு!"

கூடவே ஒரு படம். விளக்கு வெளிச்சத்தில் அவள் உள்ளங்கை. விரல் நுனிகளில் ரத்தம் ஓடுவது தெரிந்தது. ஆசை தீரப் பார்த்தான். பிறகுதான் கைக்குப் பின்னால் இருந்த கதவு கண்ணில் பட்டது. கதவில் ஒரு சிவப்புத் தாள், அதில் கல்யாண வீட்டில் ஒட்டுகிற இரட்டை மகிழ்ச்சி எழுத்து.

பழைய விளக்காக இருந்தால் தாள் பழுப்பாகத் தெரிந்திருக்கும். எப்போதோ ஒட்டிய வெளுத்த தாள் என்று நினைத்து, விடுமுறை வரைக்குமாவது ஆசையோடு இருந்திருப்பான். இது புத்தம் புதுச் சிவப்பு.

தாவ் அக்கா எட்டிப் பார்த்தாள். "என்னடா, கலர் சரியா வந்திருக்கா?"

"வந்திருக்குக்கா," என்றான் செங்யீ. "செவப்பு ரொம்ப நல்லா வந்திருக்கு."