மாமனார் துப்பாக்கிக்கு ஒரு பாலீஷ்

தெருவில் அவருக்குப் பளபளா என்று பெயர். மரச்சாமான்களுக்குப் பாலீஷ் போடுவது தொழில். கண்ணில் பட்டதற்கெல்லாம் பாலீஷ் போடுவது குணம். வாடகை வீட்டின் கதவுகளைத் தன் செலவில் மின்ன வைத்து, வீட்டுக்காரர் வாடகையை ஏற்ற வழிசெய்து கொடுத்த புண்ணியவான். மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டு நாற்காலி எதுவும் அவள் புடவையைக் கிழித்ததில்லை. இதை அவளே சொல்வாள், அவர் இல்லாத நேரமாகப் பார்த்து.

அவளுடைய அப்பா தோட்டக் காவலர். காட்டுப்பன்றி விரட்டியே வாழ்நாளைக் கழித்தவர், இறந்தபோது விட்டுப்போனது ஒரு பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி. அது அவளுக்கும் வேண்டும், அவள் தம்பிக்கும் வேண்டும். உரிமமோ ஒருவர் பெயரில்தான் இருக்க முடியும். துப்பாக்கிக் கடைக்காரரைக் கூப்பிட்டு மதிப்புப் போடுவது, வைத்துக்கொள்பவர் மற்றவருக்குப் பாதி விலை கொடுப்பது, அக்காவால் கொடுக்க முடிந்தால் அவளுக்கு, முடியாவிட்டால் தம்பிக்கு என்று பேசி முடித்தார்கள். தம்பிக்கு வசதி உண்டு. அக்காவுக்கு ஆசை மட்டும்தான் உண்டு.

கடைக்காரர் வருவதற்கு முந்தைய நாள், மனைவி வேலைக்குப் போன நேரத்தில், பளபளாவுக்குக் கை துறுதுறுத்தது. மாமனாரின் பொருளை வருகிறவர் மட்டமாக நினைத்துவிடக் கூடாதே! எமரித் தாளால் குழலைத் தேய்த்தார். கறுப்பெல்லாம் போய் வெள்ளியாக மின்னியது. தோளில் பொருத்தும் மரக்கட்டையை உப்புத்தாளால் தேய்த்து வார்னிஷ் ஏற்றினார். மாலையில் வந்த மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"புதுசு மாதிரி இருக்குல்ல? நல்ல விலை வரும் பாரு."

"விலை ஏறினா தம்பிக்குப் பாதி குடுக்கப் போறது நாமதானே? உங்க மண்டையில ஏதாவது இருக்கா?"

பாவம், அதை அவர் யோசிக்கவே இல்லை.

மறுநாள் தம்பியும் வந்திருக்க, துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் கடைக்காரரின் முகம் சுருங்கியது. "யாருங்க இதத் தேய்ச்சது? அந்தப் பழைய நிறத்துக்குத்தாங்க மதிப்பே. செஞ்சவங்க முத்திரைகூட அழிஞ்சுபோச்சு. இனிமே கால்வாசி விலைகூடத் தேறாது."

பளபளாவின் முகத்தில் ஈயாடவில்லை. விலை விழுந்தால் ஆதாயம் யாருக்கு என்று புரியாத அளவுக்குத் தம்பி ஒன்றும் சின்னப் பிள்ளையில்லை. மாமா வேண்டுமென்றே செய்தார் என்று அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்துவிட்டால், அக்கா தம்பி உறவு அத்தோடு முடிந்தது. அவள் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தம்பி குபீரென்று சிரித்துவிட்டான். "அக்கா, மாமாவுக்கு அவ்வளவு சூதெல்லாம் தெரியாது. தெரிஞ்சிருந்தா எப்பவோ பணக்காரராயிருப்பாரு."

சிரித்தபடியே துப்பாக்கியை எடுத்துத் தோளில் பொருத்தி, கட்டையில் கன்னத்தை வைத்தவன் சட்டென்று நிமிர்ந்தான். "மாமா, இங்க ஒரு பள்ளம் இருக்கே. சின்னக் கீறலக்கூட விடமாட்டீங்க, இத மட்டும் ஏன் அடைக்கல?"

பளபளா தலை நிமிரவில்லை. "அது உங்கப்பா கன்னம் வச்சு வச்சுத் தேஞ்ச இடம் மாப்ள. அங்க தாளே படாம சுத்திப் போயிட்டேன். கை வரல."

தம்பி மறுபடி அங்கே கன்னத்தை வைத்து, கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. கண் கலங்கியதை அவன் மறைக்கவும் இல்லை. பிறகு துப்பாக்கியை அக்காவின் மடியில் வைத்தான். "உரிமம் அக்கா பேருக்கே மாறட்டும். பாதியும் வேணாம், கீதியும் வேணாம். இங்க இருந்தாத்தான் அப்பாவப் பத்திரமாப் பாத்துக்குவாங்க."

அவள் கட்டையின்மேல் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டாள். நிமிர்ந்தபோது முகத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

"வார்னிஷ் இன்னும் காயலங்க" என்றாள்.

"நேத்தே காஞ்சிருச்சே!" என்று பதறிப்போய்க் கட்டையைத் தடவிப் பார்த்தார் பளபளா.