பராசக்தியக்கா சொன்ன தவணை

எங்கள் நெல்லியடிப் பக்கம் சாவீடு ஒன்று விழுந்தால், ஐயரிடம் ஆள் போக முன்னமே பராசக்தியக்காவிடம் ஆள் போகும். சாவுத் தீட்டு எத்தனை நாள் என்கிற துடக்குக் கணக்கு அவருக்கு அவ்வளவு தண்ணி பட்ட பாடு. யாருக்கு முப்பத்தொரு நாள், யாருக்கு மூன்று நாள், பல்லு முளைக்காத பிள்ளை போனால் எத்தனை, வயிற்றிலே கரைந்தால் எத்தனை, எல்லாம் கேட்டு வாய் மூட முதல் பதில் வரும். உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கிற எனக்கு இதெல்லாம் விசர்க்கதை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அப்படியே சொல்லியும் விடுவேன்.

"உமக்குப் புத்தகம், எனக்கு வழக்கம். நீர் உம்மடை வேலையைப் பாரும் ரீச்சர்" என்பார். ஆனால் சாவீட்டில் முதல் ஆளாய் வந்து அடுப்பு மூட்டித் தேத்தண்ணி வைப்பவரும் அவர்தான். அப்படிப்பட்ட மனிசியோடு எத்தனை நாள்தான் கோபித்துக்கொண்டு இருப்பது?

அவர் யாருக்கும் வளைந்து கொடுத்ததில்லை. ஊரிலே தில்லைநாதன் மகளின் கலியாணத்துக்குப் பந்தலே போட்டாயிற்று. பெரியப்பன் செத்துவிட்டார் என்று அதையும் தள்ளி வைக்கச் சொன்னவர். அந்த வீட்டார் இன்றைக்கும் இவருடன் கதைப்பதில்லை.

பராசக்தியக்காவின் ஒரே மகன் வாகீசன். அவனுக்கும் மருமகள் கஜந்தினிக்கும் கலியாணமாகி எத்தனையோ வருடமாய்ப் பிள்ளையில்லை. கஜந்தினிக்கு நாற்பதும் கடந்துவிட்டது. பட்டினத்தில் இருக்கிற ஒரு குழந்தைப்பேற்று நிலையத்தில், இதுதான் கடைசி முயற்சி என்று டாக்குத்தர் சொல்லிச் செய்ததில் ஒரேயொரு கரு தேறியது. திங்கட்கிழமை வயிற்றில் வைப்பதாக இருந்தது. ஞாயிறு காலை, பராசக்தியக்காவின் புருசன் நமசிவாயம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். எழும்பவேயில்லை.

"மாமி, நாளைக்கு ஒரு மணித்தியாலம்தான். போயிட்டு ஓடி வாறன்" என்று கஜந்தினி கெஞ்சினாள்.

"உனக்கென்ன விசரே பிள்ளை? துடக்கோடை போய்க் கருவை வைக்கிறதோ? வயித்திலை பிள்ளையோடை சாவீட்டிலை நிக்கிறதோ? ஊரை எல்லாம் மறிச்ச நான் என்ரை வீட்டுக்கு மட்டும் விட்டுக் குடுத்தால், தில்லைநாதன் காறித் துப்பமாட்டானே? உறைய வைக்கலாமெண்டு டாக்குத்தர் சொன்னவர்தானே. வருசம் திரும்பி ஆட்டைத் திவசம் முடியுமட்டும் நல்ல காரியம் ஒண்டும் வேண்டாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அக்கா, இண்டைக்கு ஒரு நாள் வாயை மூடிக்கொண்டிருங்கோ" என்று பிரேதத்துக்குப் பக்கத்தில் நின்றே சொன்னேன். கேட்டால்தானே! கொள்ளி வைக்க நின்ற வாகீசன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். "ஓம் மாமி" என்று சொல்லிவிட்டுக் கஜந்தினி உள்ளே போனாள்.

அந்த வருடம் முழுக்கப் பராசக்தியக்கா மருமகளை ஒரு வாளி தண்ணீர் தூக்க விடவில்லை. கருவோ பட்டினத்தில் திரவ நைதரசனுக்குள் உறைந்து கிடந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

திவசம் முடிந்த கையோடு எல்லோருமாய் ஒரு வான் பிடித்து அந்த நிலையத்துக்குப் போனோம். பராசக்தியக்கா என்னையும் கூட்டிக்கொண்டுதான் போனார். ஆய்வுகூடத்திலிருந்து நிவேதனா என்ற பிள்ளை வெளியே வந்து, உறைநிலையிலிருந்து எடுத்தபோது கரு பிழைக்கவில்லை என்றாள். கஜந்தினி வாகீசனின் தோளில் முகத்தைப் புதைத்தாள். பராசக்தியக்கா மட்டும், "ஏன் பிள்ளை? அதுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார்.

"அம்மா, கருவிலை இருக்கிற ஒவ்வொரு உயிர்க்கலத்தையும் சுத்தி ஒரு மென்சவ்வு இருக்கு. கொழுப்புத் துணிக்கையள் ரெண்டு அடுக்காய், வால் உள்ளுக்கும் தலை தண்ணிப் பக்கமுமாய் நிக்கும். பசை போட்டு ஒட்டினதில்லை. தண்ணியைப் போய்வர விடும், மற்றச் சாமானை லேசிலை விடாது. அப்பிடியே உறைய விட்டால் உள்ளுக்கிருக்கிற தண்ணி ஐஸாகிக் குத்திப்போடும். அதாலை முதல் தண்ணியை வெளியாலை இழுத்து, வேறை மருந்தை உள்ளுக்கு விட்டுத்தான் உறைய வைக்கிறம். திருப்பி எடுக்கேக்கை தண்ணி கெதியாய் உள்ளுக்குப் பாயாமல் சீனிக் கரைசலிலை மெல்ல மெல்லக் குடுப்பம். கூடுதலான கரு தப்பும். இதின்ரை மென்சவ்வு தாங்கேல்லை. கலமெல்லாம் வெடிச்சுப்போச்சு."

தலைக்கு ஒரு வட்டம், வாலுக்கு இரண்டு கோடு என்று அந்தச் சவ்வை நான் எத்தனை தரம் கரும்பலகையில் கீறியிருப்பேன்! பிள்ளைகள் பாடமாக்கிப் புள்ளி எடுப்பார்கள். அன்றைக்கு அந்தப் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து முதல்தரம் கேட்பதுபோல் கேட்டேன்.

"ஒரு வருசம் கிடந்ததாலையோ?"

"இல்லையம்மா. அதுக்குள்ளை ஒரு நாளும் ஒண்டுதான், பத்து வருசமும் ஒண்டுதான்."

பராசக்தியக்காவுக்கு மூச்சு வந்தது. பிறகு, "அப்ப, உறைய விடாமல் அண்டைக்கே வைச்சிருந்தால்?" என்றார்.

ஏன்தான் அதைக் கேட்டாரோ. நிவேதனா ஒருக்கால் என்னைப் பார்த்தாள். "தங்கியிருக்குமெண்டு ஒருத்தராலும் சொல்லேலாது அம்மா. ஆனால் இப்பிடி வெடிச்சிருக்காது."

வீட்டடியில் வானால் இறங்கினதும் பராசக்தியக்கா மருமகளின் கையைப் பிடித்தார். "என்னைப் பேசு பிள்ளை. ரெண்டு பேச்சாவது பேசு. நான்தானே மறிச்சனான்."

கஜந்தினி ஏசவில்லை. நக்கலும் இல்லை, கோபமும் இல்லை. ஊர்ச்சனம் வந்து கேட்கிற மாதிரியே கேட்டாள்:

"மாமி, இதுக்கு எத்தினை நாள் துடக்கு?"

வயிற்றிலே கரைந்ததற்குப் பராசக்தியக்காவிடம் கணக்கு இருக்கிறது. வயிற்றுக்குள்ளேயே வராததற்கு யார் கணக்கு வைத்தார்கள்?

"எனக்குத் தெரியேல்லை பிள்ளை" என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

உடுத்த சீலையோடு கிணற்றடிக்குப் போய், ஒரு வாளி தண்ணீர் அள்ளித் தன் தலையில் ஊற்றினார். கஜந்தினியும் வந்து பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அடுத்த வாளியை மாமி அவளுக்கு ஊற்றினார்.