அவசரம் லேது

என் அண்ணன் திருப்பதியில் சரித்திரப் புரொபசர். எங்கள் நகரிப் பக்கத்துக்குச் சட்டசபை உறுப்பினரும்கூட. ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால் என்று கேலி செய்வேன். சிறுவயதிலேயே மெட்ராஸ் ஹாஸ்டலுக்குப் போய்விட்டவர். பாடம் எடுப்பதும் இங்கிலீஷில். அதனால் அவருடைய தெலுங்கு, தமிழுக்கு வால் ஒட்டவைத்த தெலுங்கு. திருத்தினால் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

ஆந்திரம் தனி மாநிலமாகியும் எல்லை மட்டும் முடிவாகாமல் இழுத்துக்கொண்டே இருந்தது. கடைசியில் திருத்தணி மெட்ராஸ் பக்கம் போயிற்று; நாங்கள் ஆந்திரப் பக்கமே நின்றோம். இனி ஊர்ப் பள்ளியில் தமிழ் வகுப்பு இருக்குமா என்பதே எல்லோருக்கும் கவலை. அந்த வகுப்பின் டீச்சர் நான்.

அண்ணன் சித்தூர் போய் அதிகாரியைப் பார்த்துவிட்டுப் பெருமையாக வந்தார். “நல்ல மனுஷன்மா. தமிழ் கிளாஸ் அவசரமான்னு தெலுங்குல கேட்டாரு. ‘அவசரம் லேது சார்’னேன். நிதானமா செய்யட்டும், நாம ஏன் பறக்கணும்?”

தலையில் அடித்துக்கொண்டேன். தெலுங்கில் அவசரம் என்றால் தேவை; அவசரம் லேது என்றால் தேவையில்லை. நகரி கடைத்தெருவில் புழங்குகிற எவருக்கும் தெரியும்.

“இன்னாண்ணா பண்ணிட்ட? தமிழே வேணாம்னு சொல்லிட்டு வந்துகிற!”

மறுநாளே சித்தூருக்கு ஓடினார். காகிதம் மேலே போய்விட்டதாம். சபையில் எழுந்து, வார்த்தை தவறிவிட்டது என்று சொன்னால் திருத்திவிடலாம் என்று அதிகாரியே வழியும் சொல்லியிருக்கிறார்.

அண்ணன் சபையில் சொல்லவே இல்லை. “புரொபசருக்கு பாஷை தெரியலன்னு சபையே சிரிக்கும்மா.”

“சிரிக்கட்டுமே. சிரிச்சா பல்லுதானே தெரியும்?”

திருப்பதி பஸ் ஏறிவிட்டார்.

வகுப்பை மூடினார்கள். என்னைப் பக்கத்து ஊருக்கு மாற்றினார்கள். என் வகுப்புப் பிள்ளைகள் தெலுங்கு வகுப்பின் கடைசி பெஞ்சில் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஒவ்வொருவராகத் தறிக்கும் வயலுக்கும் போய்விட்டார்கள். “காசு வாங்கித் துன்னுட்டு தமிழை வித்துட்டான்” என்று ஊர் அண்ணனின் காதுபடவே பேசியது. அதை அவர் மறுக்கவே இல்லை. துரோகி என்ற பேரைத் தாங்கிக்கொண்டார். முட்டாள் என்ற பேரைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. இது என்ன மானமோ! இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

அடுத்த தேர்தலில் தோற்றார். கூட இருந்தவர்கள் எல்லாம் கழன்றுகொண்ட பிறகு, ஒரு சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தார். இலை போட்டேன். கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தவர், என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

“நீயாவது எனக்கு ஓட்டுப் போட்ட இல்ல?”

“இல்லண்ணா” என்றேன்.

எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, சாப்பிடாமலே போனார்.